ஆவணி ரிசப்ஷனுக்குக் கோட்டு, ஆபீஸுக்குச் சட்டை: என்ன துணி, எத்தனை மீட்டர், தையல்காரரிடம் என்ன சொல்வது?

வடபழனிவாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணி கடைசியில என்னோட கல்யாண ரிசப்ஷன். சென்னையில மண்டபம். ஏ.சி. உண்டுன்னு சொல்றாங்க, ஆனா மேடை லைட்டுக்குக் கீழ மூணு மணி நேரம் நிக்கணும். ரெடிமேட் கோட்டு எதுவும் ஒத்துவரல. தோள் சரியா இருந்தா வயித்துக்கிட்ட பட்டன் இழுக்குது, வயிறு சரியா இருந்தா தோள் தொங்குது. அதனால தைக்கறதுன்னு முடிவு. கூடவே ஆபீஸுக்கு நாலு முழுக்கைச் சட்டை, ரெண்டு பேண்ட்.

உயரம் 5 அடி 8 அங்குலம். மார்பு 40, வயிறு 38, பேண்ட் போடற இடத்துல 36½. வலது தோள் கொஞ்சம் இறக்கம்.

துணிக்கடையில ஒரு நீலத் துணியைக் காட்டி "இத்தாலியன் ஃபினிஷ் சார், சூப்பர் 150, மூணு மீட்டர் போதும்"னார். பளபளன்னு இருந்தது. வாங்காம வந்துட்டேன். தையல்காரர் "அளவுக்கு ஒரு கோட்டும் ஒரு சட்டையும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"ங்கறார். எனக்கு வேண்டியது: எந்தத் துணி, எத்தனை மீட்டர், என்ன ஸ்டைல், அவர்கிட்ட எதை வாய்விட்டுச் சொல்லணும், எதை அவர்கிட்டயே விட்டுடலாம்?

---

நூல்கண்டு:

துணியை மட்டும் நான் சொல்றேன், தையலை மத்தவங்க சொல்லட்டும்.

அந்த "சூப்பர் 150"ல இருந்து ஆரம்பிப்போம். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லிசுன்னு சொல்ற எண். சூப்பர் 100ன்னா இழையின் பருமன் 18.75 மைக்ரானுக்கு மேல போகக்கூடாது. 120க்கு 17.75, 150க்கு 16.25. முழுக் கம்பளித் துணிக்குத்தான் அந்தச் சொல் செல்லும். பாலியெஸ்டர் விஸ்கோஸ் துணியோட கரையில "சூப்பர் 150"ன்னு தங்க எழுத்துல இருந்தா அது வெறும் அலங்காரம். நிஜமான 150ஆவே இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். இழை மெலிய மெலியச் சீக்கிரம் கசங்கும், பேண்ட்ல தொடை உரசற இடம் சீக்கிரம் தேயும். 100லேர்ந்து 120க்குள்ள நின்னுக்குங்க.

எது கம்பளி, எது கலப்புன்னு கடைக்காரர் வார்த்தையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஓரத்துலேர்ந்து அஞ்சாறு நூல் உருவுங்க. பாவு நூல் (நீளவாட்டு) தனியா, ஊடை நூல் (குறுக்குவாட்டு) தனியா. ரெண்டும் வேற வேற நாரா இருக்கறது சகஜம், ஒண்ணை மட்டும் சோதிச்சா ஏமாந்துடுவோம். தீக்குச்சில காட்டுங்க. கம்பளின்னா முடி கருகற வாசனை வரும், தீயை எடுத்ததும் தானா அணையும், மிஞ்சற கரியை விரலால நசுக்கினா பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணி மாதிரி கெட்டியாகும், நசுங்காது. பருத்தி, விஸ்கோஸ், லினன் மூணும் காகிதம் மாதிரி எரிஞ்சு லேசான சாம்பல் விடும். முடி வாசனையும் வந்து மணியும் கட்டினா அது டெர்ரி வூல், அதாவது கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த துணி.

டெர்ரி வூல் மட்டம் இல்ல. கம்பளி பாதியாவது இருந்தா கசங்காது, விலையும் தாங்கும். மூணு மணி நேர மேடைக்கு முழுக் கம்பளி கொஞ்சம் மேல், பாலியெஸ்டர் விஸ்கோஸ் ரொம்பக் கீழ். "கம்பளியா, சென்னையிலயா?"ன்னு வீட்ல எல்லாரும் கேப்பாங்க. நூலை நல்லா முறுக்கி, சாதா நெசவுல நெய்த மெல்லிய கம்பளியில நூலுக்கு நூல் இடைவெளி இருக்கும், காத்து போகும். வேர்வை ஈரத்தையும் இழை உள்ள இழுத்துக்கும், தொட்டா நனைஞ்ச மாதிரி தெரியாது. பாலியெஸ்டர் இழை ஈரத்தை வாங்காது, வேர்வை அப்படியே முதுகுல நிக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, ஊசிமுனை ஊசிமுனையா வெளிச்சம் தெரிஞ்சா அது காத்தாடற துணி. அப்புறம் ஒரு மூலையைக் கைக்குள்ள பத்து விநாடி இறுக்கிக் கசக்கி விடுங்க. கோடு கோடா நின்னா தள்ளுங்க, ஆட்டினதும் விரிஞ்சா எடுத்து வைங்க.

எடை சதுர மீட்டருக்கு 240லேர்ந்து 260 கிராம். 200க்குக் கீழ போனா பேண்ட் காத்துல ஆடும், முட்டிக்கிட்ட பை மாதிரி தொங்கும். கடையில எடை தெரியாதுன்னா வெட்டின துணியைத் தராசுல போடுங்க. 58 அங்குல அகலத்துல 3.25 மீட்டர், 1,150லேர்ந்து 1,250 கிராம் காட்டணும்.

லினன் கோட்டு பகல் விருந்துக்கு அழகு. மேடையில ஒவ்வொரு குடும்பமா ஃபோட்டோவுக்கு வர, நீங்க உக்காந்து உக்காந்து எந்திரிக்க, நாப்பது நிமிஷத்துல மடியில விசிறி மாதிரி மடிப்பு விழுந்துடும். வெல்வெட் பேச்சே வேண்டாம், அது போர்வை. பளபளப்பும் வேண்டாம். கடை டியூப்லைட்ல பட்டு மாதிரி தெரியறது, மேடை லைட்டும் ஃபிளாஷும் பட்டா தோள்லயும் வயித்துலயும் வெள்ளைத் திட்டா விழும். வயிறு முன்னாடி இருக்கறவங்களுக்கு அது இன்னும் எடுத்துக் காட்டும். மங்கலான அடர்நீலம் எடுங்க. கறுப்புல பஞ்சும் பொடுகும் தெரியும்.

---

இஞ்ச்டேப்:

மீட்டர் கணக்கு நான் சொல்றனுங்க. முதல்ல பன்னா, அதாவது துணியோட அகலம் பாருங்க. ஒரே சட்டைக்கு 36 அங்குலப் பன்னாவுல ஒரு கணக்கு, 58ல ஒரு கணக்கு. "ஒரு சட்டைக்கு எத்தனை மீட்டர்?"னு பன்னா சொல்லாமக் கேட்டா பதிலே இல்லைங்க.

உங்க உடம்புக்கு முழுக்கைச் சட்டை: 58 பன்னாவுல 1.60 போதும், பருத்தி, லினன்னா சுருக்கத்துக்கும் சேர்த்து 1.70. 44 பன்னாவுல 2.20. 36 பன்னாக் கைத்தறின்னா 2.50. பேண்ட் 58 பன்னாவுல 1.30. சீட் அளவு 42க்கு மேல இருந்தா 1.40. கோட்டும் பேண்ட்டும் சேர்ந்து 3.25, உள்ள போடற வெயிஸ்ட்கோட்டும் வேணும்னா 3.75.

கடைக்காரர் சொன்ன மூணு மீட்டர்லயும் தைக்கலாமுங்க. தைச்சா எங்க கைவைப்பாங்கன்னா, தையலுக்கு உள்ள விடற துணியில. கோட்டு நடு முதுகு, பக்கத் தையல், பேண்ட் பின் தையல் இந்த மூணு இடத்துலயும் உள்ள ஒரு அங்குலமாவது மடிஞ்சு கிடக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் இடுப்பு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அப்பப் பிரிச்சு விட அந்தத் துணிதான் வேணும். கால் மீட்டர்ல கஞ்சம் பிடிச்சா கோட்டையே மாத்தணும்.

கட்டம் போட்ட துணின்னா கட்டத்தோட அளவைப் பொறுத்து 20லேர்ந்து 30 சென்டிமீட்டர் கூட வாங்குங்க. பாக்கெட் மேல கட்டம் உடம்போட சேரணும், ரெண்டு முன்பக்கமும் பட்டன் பட்டியில சேரணும். அதுக்கு வெட்டறப்ப துணியை நகர்த்தி நகர்த்தித்தான் போடணும், வீணாகும். வெட்டறதுக்கு முன்னாடியே "கட்டம் சேரணும்"னு சொல்லிடுங்க, தைச்ச பின்னாடி சொல்லி ஒண்ணும் ஆகாது.

கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் ஒரே தான்ல (துணிச் சுருள்ல) ஒரே நேரத்துல வெட்டி வாங்குங்க. "பேண்ட்டுக்கு அடுத்த மாசம் வாங்கிக்கலாம்"னு விட்டா அடுத்த தான் வேற சாயத் தொட்டியில வந்திருக்கும். கடையில ஒண்ணாத் தெரியும், வெயில்ல வெச்சா ரெண்டு நீலம். வாங்கறப்ப மொத்தத் துணியையும் பிரிச்சு வாசல் வெளிச்சத்துல ஒரு ஓட்டம் பாருங்க. இழை அறுந்த இடம், எண்ணெய்ப் புள்ளி, மடிப்புல வெளிறின கோடு, இதெல்லாம் மடிச்ச துணியில தெரியாது. கத்திரி கோணலாப் போனா ரெண்டு முனையிலயும் மூணு நாலு சென்டிமீட்டர் போச்சு, அதனால ஊடை நூல் நேரா வெட்டறாங்களான்னும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க.

பருத்தியும் லினனும் தைக்கறதுக்கு முன்னாடி நனைக்கணும். சோப்பு வேண்டாம், பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்கப் போட்டு, முறுக்காம நிழல்ல காய வெச்சு, லேசா ஈரம் இருக்கறப்பவே இஸ்திரி. பருத்தி 3லேர்ந்து 5 சதவீதம் வரைக்கும் சுருங்கும். 33 அங்குலக் கையில 5 சதவீதம்னா ஒண்ணரை அங்குலத்துக்கு மேலங்க. மூணாவது சலவையில மணிக்கட்டு வெளிய வர்ற கதை அதான். கோட்டுத் துணியை மட்டும் தண்ணியில போட்டுறாதீங்க, அதுக்கு ஆவி இஸ்திரி போதும். லைக்ரா கலந்த பேண்ட் துணியைத் தான்ல இருந்து பிரிச்சு ஒரு ராத்திரி தளர விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க. இழுத்த நிலையில வெட்டினா தைச்சப்புறம் சின்னதாப் போயிரும்.

---

ரெடிமேட்ராஜா:

இவ்வளவு தலைவலி எதுக்கு ப்ரோ? தோள் சரியா இருக்கற ரெடிமேட் கோட்டை, ஒரு சைஸ் பெரிசா எடுத்து ஆல்ட்ரேஷன் குடுங்க. பாதி செலவு.

---

கத்திரிக்கோல்:

ரெடிமேட்ராஜா சொல்வது தோள் இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். ரெடிமேட் கோட்டில் கை நீளம், இடுப்பு, பேண்ட் நீளம் மூன்றையும் மாற்றலாம். தோளைக் குறைப்பதென்றால் கையைப் பிரித்து, லைனிங்கைப் பிரித்து, தோளில் வைத்த பேடை (பஞ்சுத் திண்டை) எடுத்து மறுபடி கோக்க வேண்டும். கூலி புதுக் கோட்டுக் கூலிக்கு அருகில் போய்விடும். கேள்வி கேட்டவருக்கு ஒரு தோள் இறக்கம், வயிறும் முன்னால். அவர் தைப்பதே சரி.

இனி கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே மார்புப் பகுதிக்கு விறைப்புத் தர ஓர் அடுக்கு வைப்பார்கள். அதைப் பசையால் ஒட்டினால் ஃபியூசிங். ஆட்டு ரோமம், குதிரை வால்மயிர் கலந்த கேன்வாஸைக் கையால் தைத்துப் பிடித்தால் கேன்வாஸ் கோட்டு. மார்பிலும் லேபலிலும் (காலரிலிருந்து மார்பில் மடிந்து இறங்கும் பட்டை) மட்டும் கேன்வாஸ் வைத்து, கீழே ஃபியூசிங் விட்டால் அரைக் கேன்வாஸ். உங்களுக்கு நான் சொல்வது அரைக் கேன்வாஸ்.

ஃபியூசிங் கோட்டு கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டிய விதம்தான். பசை சரியாக இளகித் துணிக்குள் இறங்க ஏறத்தாழ 130லிருந்து 150 டிகிரி சூடு, மேலிருந்து அழுத்தம், 15 விநாடி அளவு நேரம் மூன்றும் சேர வேண்டும். பிரஸ் மெஷினில் இது வரும். கை இஸ்திரிப் பெட்டியால் இழுத்து இழுத்து ஒட்டினால் அங்கங்கே பிடிக்கும், அங்கங்கே விடும். நாலைந்து டிரைகிளீனிங் போனதும் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எழும்பிவிட்டால் சரிசெய்ய வழியில்லை. ஆகவே தையல்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஃபியூசிங் எங்கே போடுகிறீர்கள், மெஷினிலா?" என்பது. வெளியே கொடுத்துப் போடுவதாகச் சொன்னால் நல்ல பதில்தான். அவர் தைத்து முடித்த வேறொரு கோட்டை எடுத்து, கீழ்ப் பட்டனுக்கு அடியில் வெளித்துணியை ஒரு விரலாலும் உள்துணியை இன்னொரு விரலாலும் பிடித்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். நடுவில் தனியாக ஒரு மூன்றாவது அடுக்கு நழுவினால் முழுக் கேன்வாஸ். இரண்டே அடுக்கு, வெளித்துணி அட்டை மாதிரி இருந்தால் ஃபியூசிங். அரைக் கேன்வாஸுக்கு இதே சோதனையை மார்பில் செய்ய வேண்டும்.

அளவுக் கோட்டு கொடுக்காதீர்கள். அதில் என்ன தப்போ அது அப்படியே புதுக் கோட்டுக்கும் வரும். நீங்கள் போட்டுப் பார்த்த கோட்டில் பட்டன் இழுக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். ரிசப்ஷனுக்குப் போடும் சட்டை, பெல்ட், ஷூவோடு போய் நில்லுங்கள். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைக்காதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள்.

தைத்து முடித்த கோட்டில் மார்புக்கு 40க்கு மேல் நாலு அங்குலம் தளர்வு, வயிற்றில் மூன்று அல்லது நாலு. பட்டன் போட்டபின் பட்டனிலிருந்து நாலு பக்கமும் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் ஓடினால் இறுக்கம். வயிறு முன்னால் இருப்பவருக்கு அகலத்தை மட்டும் கூட்டினால் போதாது. முன்பக்க நீளத்தையும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். இல்லையென்றால் வயிறு துணியை மேலே தூக்கி, முன் ஓரம் இரண்டும் விரிந்து நிற்கும்.

ஸ்டைல் விஷயத்தில் சுருக்கமாக. ஒற்றை மார்பு, இரண்டு பட்டன். மேல் பட்டன் தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேலே வந்தால் வயிறு அடங்கித் தெரியும். கீழே போனால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். லேபல் 3¼ அங்குலம். மாப்பிள்ளைக் கோட்டு என்று பீக் லேபல் (முனை மேல் நோக்கியது) வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள், 3½ வரை போகலாம். இரண்டே கால் அங்குல லேபல் உங்கள் மார்புக்கு ரிப்பன் ஒட்டியது போல இருக்கும். பின்னால் இரண்டு பக்க வெட்டு வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழும்போது நடுவெட்டுக் கோட்டு பின்னால் பிளந்து நிற்கும். நீளம் பின்புறத்தை மூட வேண்டும், அவ்வளவுதான். கை நீளம் சட்டைக் கஃப் அரை அங்குலம் வெளியே தெரியும்படி.

லைனிங் பற்றி யாரும் கேட்பதில்லை. நல்ல கம்பளி எடுத்துவிட்டு உள்ளே பாலியெஸ்டர் டஃபேட்டா வைத்தால் அந்தக் கம்பளிக்குக் கொடுத்த காசு வீண், பிளாஸ்டிக் பைக்குள் நிற்பது போல்தான். விஸ்கோஸ் அல்லது குப்ரோ (பட்டுப் போன்ற செல்லுலோஸ் இழை) லைனிங் நீங்களே வாங்கிக் கொடுங்கள். முதுகில் மேல்பாதிக்கு மட்டும் லைனிங், கீழ்ப்பாதி சும்மா, உள்தையல்களுக்குப் பட்டி கட்டிவிடச் சொல்லுங்கள். கைக்குள் முழு லைனிங் வேண்டும், இல்லாவிட்டால் சட்டையோடு சிக்கும்.

நேரம்: ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கோட்டுத் தையல்காரர்களுக்குக் கை ஓய்ந்திருக்கும் மாதம் அதுதான். ஆடி முதல் வாரம் துணியைக் கொடுத்தால் இரண்டு ட்ரையலுக்கு இடமிருக்கும். முதல் ட்ரையல் ஓட்டுத்தையலில், கை, காலர் எல்லாம் நூலால் பிடித்த நிலையில் நடக்க வேண்டும். இரண்டாவது, லைனிங் மூடுவதற்கு முன். "நேரா ரெடி பண்ணித் தர்றேன், ட்ரையல் எதுக்கு?" என்பவரிடம் பேண்ட் கொடுங்கள், கோட்டு வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் துணி வாங்கலாம்தான், ஆனால் நூல்கண்டு சொன்ன தீக்குச்சியோடு போங்கள்.

---

பாவும்ஊடையும்:

சட்டைக்கு வருவோம். கோட்டு ஒரு நாள், சட்டை தினமும்.

நூல் எண் கூடக் கூட நூல் மெல்லிசு. 40ஆம் நம்பர் நூல் தடிமனா, உழைக்கற சட்டை. 60ஆம் நம்பர் ஆபீஸுக்கு நல்ல நடுத்தரம். 2/100ன்னு போட்டிருந்தா 100ஆம் நம்பர் நூல் ரெண்டை முறுக்கி ஒண்ணாக்கினது, மெல்லிசும் உண்டு, வலுவும் உண்டு. நாலு சட்டைக்கு என் கணக்கு: வெள்ளை ஒண்ணு 2/100ல, வெளிர்நீலம் ரெண்டு 60ஆம் நம்பர் பாப்ளின்ல (நெருக்கமான சாதா நெசவு), நாலாவது லினன். ட்வில் (சாய்வுக்கோடு நெசவு) இஸ்திரிக்குச் சுலபம், கசங்காது, ஆனா பாப்ளினைவிட நெருக்கமா இருக்கும், ரெண்டு பஸ் மாறி ஆபீஸ் போறவங்களுக்கு வேக்காடு. சாட்டின் பக்கம் போகாதீங்க, பை மாட்டற தோள்ல இழை எழும்பிடும். வெள்ளைத் துணி வாங்கறப்ப ஒத்தை மடிப்புக்குக் கீழ உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. ரேகை தெரிஞ்சா பனியனும் தெரியும்.

கைத்தறிக் கட்டம் எடுக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. முதல் மூணு சலவை தனியா, பச்சைத் தண்ணியில. உப்புத் தண்ணியில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு எல்லா வீட்லயும் சொல்வாங்க, சாயம் போட்டு முடிச்ச துணியில உப்பு ஒண்ணும் பண்ணாது. மிச்சச் சாயம் போற வரைக்கும் போய்த்தான் தீரும். (சாயம் ஓடற அதே குறையையே "பிளீடிங் மெட்ராஸ்"னு பேர் வெச்சு அறுபதுகள்ல அமெரிக்காவுல பெருமையா வித்தாங்க. நம்ம ஊர்ல அதையே வித்தா திருப்பிக் குடுத்திருப்பாங்க.)

அளவு. கழுத்து சுத்தளவுக்கு மேல அரை அங்குலம், நனைக்காத துணின்னா முக்கால். பட்டன் போட்டுட்டு ரெண்டு விரல் உள்ள போகணும். மார்பு 45, வயிறு 42க்குத் தைக்கச் சொல்லுங்க. "ஸ்லிம் ஃபிட்"னு மட்டும் சொல்லிட்டு வந்தா வயித்துல 40 வெச்சுடுவாங்க, நின்னா அழகா இருக்கும், பைக்ல உக்காந்தா மூணாவது பட்டனும் நாலாவது பட்டனும் நடுவுல வாய் திறக்கும். கஃப் மணிக்கட்டுச் சுத்தளவைவிட ரெண்டு அங்குலம் கூட, கடிகாரம் கட்டற கைக்கு இன்னொரு அரை அங்குலம். ரெண்டு கைக்கும் ஒரே அளவு வெக்கற பழக்கம் அவங்களுக்கு, நீங்கதான் சொல்லணும். வலது தோள் இறக்கம்னு சட்டைக்கும் சொல்லுங்க. யோக்கை (தோளை மூடற மேல் துண்டை) ஒரே துண்டா வெட்டாம நடுவுல பிரிச்சு ரெண்டு துண்டா வெட்டினா வலது பக்கத்தை மட்டும் அரை அங்குலம் சாய்ச்சு வெட்டலாம்.

காலர்தான் சட்டையோட முகம். உருண்டை முகம்னா முனை நீளம் மூணு அங்குலமாவது வைங்க, ரொம்ப விரிஞ்ச கட்-அவே (முனை ரெண்டும் பக்கவாட்டுல விலகின) காலர் முகத்தை இன்னும் அகலமாக் காட்டும். காலர் ஃபியூசிங்ல மலிவானது போட்டா ரெண்டாவது சலவையில சொறி பிடிச்ச மாதிரி நெளியும். அது துணியும் ஃபியூசிங்கும் வேற வேற அளவு சுருங்கறதால வர்றது. ஏற்கெனவே நனைச்ச துணியில பாதி பிரச்சினை தீர்ந்துடும். காலர் முனைக்கு உள்ள வெக்கற போன் (விறைப்புக்கான சின்னப் பட்டை) கழட்டி மாட்டற மாதிரி, அடியில திறப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்க. உள்ளயே வெச்சுத் தைச்சுட்டா இஸ்திரி சூட்டுல வளைஞ்சு, காலர்ல நிரந்தரமா ஒரு தடம் விழும்.

தையல் அங்குலத்துக்கு 12லேர்ந்து 14 எண்ணணும். ஸ்கேலை வெச்சு எண்ணுங்க, கூச்சப்படாதீங்க. எட்டு ஒன்பதுன்னா அவசரத்துல ஓட்டினது. பட்டன் பட்டி ஓரம் அலை அலையா சுருங்கி இருந்தா மெஷின்ல நூல் இறுக்கம் கூட. இஸ்திரியில நீவிக் காட்டுவாங்க, துவைச்சதும் திரும்ப வரும். காஜா அடிச்ச இடத்துல பின்பக்கம் பிசிறு நூல் தொங்கினா பத்து சலவையில காஜா பிரிஞ்சுடும்.

பேண்ட்டைப் பத்தி ஒரே விஷயம். வயித்துக்குக் கீழ போடறீங்களா, தொப்புள்கிட்ட போடறீங்களான்னு முடிவு பண்ணிட்டு அளவுக்குப் போங்க. உங்களுக்கு 36½ங்கறது கீழ போடற அளவு. அங்க போட்டா நடக்க நடக்க இறங்கும், கோட்டுக்குக் கீழ சட்டை எட்டிப் பாக்கும். ரிசப்ஷன் பேண்ட்டையாவது ரெண்டு அங்குலம் மேல ஏத்தி, முன்னாடி பக்கத்துக்கு ஒரு பிளீட் (மடிப்பு) வெச்சுத் தைங்க. பாட்டம் சுத்தளவு 15. 13க்குப் போனா கெண்டைக்கால்ல மாட்டிக்கிட்டு உக்காந்து எந்திரிக்கறப்ப கீழ இறங்காது.

---

வடபழனிவாசி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். டெர்ரி வூல் எடுத்தேன். முடி வாசனையும் வந்தது, மணியும் கட்டுச்சு. 3.25 மீட்டர் 1,190 கிராம். கடைக்காரர் தராசைப் பாத்துட்டு என்னையும் பாத்தார். இன்னிக்கு ஓட்டுத்தையல் ட்ரையல் முடிஞ்சுது. ரெண்டு சந்தேகம். பின்கழுத்துல கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவுல அரை அங்குலம் இடைவெளி நிக்குது. வலது கை அக்குள்ல இருந்து கழுத்துப் பக்கமாச் சாய்வா ஒரு மடிப்பு. தையல்காரர் ரெண்டையும் "இஸ்திரியில அமுங்கிடும்"ங்கறார்.

---

கத்திரிக்கோல்:

இரண்டும் இஸ்திரியில் அமுங்காது.

சாய்வு மடிப்பு வலது தோள் இறக்கத்தால் வருவது. பார்த்துக்கொள்ள எளிய வழி: கோட்டைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். வலது தோள் முனையில், பேடுக்கு மேல் துணியை ஒருவர் விரலால் கிள்ளி ஒரு சென்டிமீட்டர் பிடிக்கட்டும். மடிப்பு மறைந்தால் அதுதான் காரணம். செய்ய வேண்டியது, வலப்பக்கத் தோள் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கம் தொடாமல், தோள் முனையில் மட்டும் அரை சென்டிமீட்டர் இறக்கிப் பிடிப்பது. கைக்குழியின் அடியையும் அதே அரை சென்டிமீட்டர் இறக்கி வெட்டுவது. மீதி அரை சென்டிமீட்டருக்கு வலது பேடில் ஓர் அடுக்கு கூட்டுவது. முழுவதையும் பேடிலேயே ஈடுகட்டினால் வலது தோள் கட்டை வைத்த மாதிரி விறைக்கும். முழுவதையும் துணியில் இறக்கினால் இறக்கம் வெளியே அப்பட்டமாகத் தெரியும்.

பின்கழுத்து இடைவெளிக்கு, தோளைச் சரிசெய்தபின் மறுபடி போட்டுப் பாருங்கள். பாதி அதிலேயே குறையும். மிச்சம் நின்றால் முதுகுத் துண்டின் நீளம் போதவில்லை என்று பொருள். கொஞ்சம் கூன்போட்டு நிற்பவர்களுக்கு இது வரும், கணினி முன்னால் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். காலரை எடுத்துவிட்டு, பின்கழுத்தில் உள்ளே விட்டிருக்கும் துணியிலிருந்து அரை சென்டிமீட்டர் மேலே விட்டுக் காலரை மறுபடி வைக்க வேண்டும். அங்கே துணி விட்டிருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். ஓட்டுத்தையலில் இருப்பதால் இதெல்லாம் அரை நாள் வேலை. காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு சுருள் விழுந்தால் அது நேர் எதிர்க் கோளாறு, அப்போது முதுகுத் துண்டைக் குறைக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை.

இதையெல்லாம் அவரிடம் பாடமாக ஒப்பிக்க வேண்டாம், கோபம் வரும். கண்ணாடி முன் நின்று, "அண்ணா, இந்த வலது தோளைக் கொஞ்சம் கிள்ளிப் பிடிங்க" என்று மட்டும் கேளுங்கள். மடிப்பு மறைவதை அவரே பார்த்துவிட்டால் சாக்பீஸை அவரே எடுப்பார். எடுக்கவில்லையென்றால் லைனிங் துணியை இன்னும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.